ஒரு துண்டு பிலிம்கூட இல்லை, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். தமிழின் முதல் பேசும் படத்து நாயகி டி.பி. ராஜலட்சுமியின் வேஷம் நாடகத்தில் உனக்குக் கிடைத்ததை அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "முப்பது வருஷம் தியேட்டர்ல படம் ஓட்டற ஆப்பரேட்டரா இருந்தீங்களே, அந்தம்மா நடிச்சதுல ஒரு துண்டாவது பார்க்கக் கிடைக்குமாப்பா? எப்படி நின்னாங்க, நடந்தாங்கன்னு தெரியணும்" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கிடைக்காது கண்ணு. 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. அவர் இயக்கிய 'மிஸ் கமலா'வும் இல்லை. தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப்படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' மாதிரி ஒன்றிரண்டு தப்பியதே பெரிய காரியம்.

அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட். சூடு கொஞ்சம் ஏறினாலே பற்றிக்கொள்ளும், பற்றினால் தண்ணீருக்கும் அடங்காது. எரியாமல் மிஞ்சியது பெட்டிக்குள்ளேயே பிசுபிசுத்துப் பொடியாகும். ஓடி முடிந்த பிரிண்டை வெள்ளி எடுப்பதற்காகக் கரைத்தும் விட்டார்கள். நான் ஓட்டியது சுலபமாகத் தீப்பிடிக்காத பிலிம்தான். ஆனால் நானும் என்ன செய்தேன்? ரீல் அறுந்தால் இரண்டு ஃபிரேமை வெட்டி எறிவேன், பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி ஒட்டுவேன், மறுபடி ஓட்டுவேன். அந்தத் துண்டுகளுக்காகப் பிள்ளைகள் கீழே காத்து நிற்பார்கள். நீயும்தான் வாங்கி வருவாய். ஃப்யூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, வெளியே கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பி, என் வேட்டியில் தலைகீழாகப் படம் காட்டினாயே. துண்டைத் திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொள்ள உனக்கு ஒரு லீவு முழுக்க ஆனது.

சரி, அந்தம்மாவுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தவரையில் உன் வேஷத்துக்குப் பிடி அவர் குரலில் இருக்கிறது. 1911இல் திருவையாற்றில் பிறந்தவர். விளையாடுகிற வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள், அது நிலைக்கவில்லை. பிழைப்புக்கு நாடகக் கம்பெனி. நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளே அந்தப் பெண்ணின் திறமையை மெச்சினார் என்பார்கள். மைக் இல்லாத காலம். ஆர்மோனியத்தைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிற தொண்டைதான் நடிகையின் சொத்து. தேசபக்திப் பாட்டுப் பாடிச் சிறைக்கும் போனவர்.

அப்படிப்பட்டவரைக் கொண்டுபோய் ஊமைப்படத்தில் நிறுத்தினார்கள், நினைத்துப் பார். 1929இல் 'கோவலன்'. திரைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் நின்று கதை சொல்வார், தபலா வாசிப்பார்கள். பெரிய சொத்தைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தாலும் கையாலும் மட்டும் நடித்தார். அப்புறம் இரண்டே வருடத்தில் பேசும் படம் வந்ததும் அந்தக் குரலே அவரை முன்னால் கொண்டுவந்தது. பம்பாயில் எடுத்த 'காளிதாஸ்' படத்தில் இவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்லுவார். காளிதாசன் கதையில் காந்தியின் ராட்டினத்தைப் பற்றியும் ஒரு பாட்டு! ஜனங்கள் கேட்கத்தானே வந்தார்கள். அந்த வாயடைப்பையும் வாய் திறப்பையும் நீ மேடையில் காட்டிவிட்டால் போதும்.

1936இல் தன் கதையை 'மிஸ் கமலா' என்று தானே தயாரித்து, இயக்கி, நடித்தார். வயது இருபத்தைந்து, உன்னைவிட இரண்டு வயது சின்னவர். இங்கே சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவைத் தொடங்கியது அதற்கு முந்தின வருடம்தான். காலையில் ஏற்காடு ரோட்டில் நடக்கப் போகும்போது அந்த ஸ்டுடியோவின் வாசல் வளைவைப் பார்க்கிறேன். நூறு படத்துக்கு மேல் எடுத்த இடத்தில் வளைவு மட்டும் நிற்கிறது, பின்னால் வீடுகள். நேற்று அங்கே நின்றபோது எனக்கு உன் பேச்சுதான் ஞாபகம் வந்தது. "நாங்க நாடகத்தை வீடியோ எடுக்கறதில்லப்பா, மேடையில நடந்து மேடையிலேயே முடியணும், அதுதான் அழகு" என்றாய்.

எனக்கு மனசு ஒப்பவில்லை கண்ணு. அந்தம்மா எப்படி நின்றார் என்று கேட்டு நீ எவ்வளவு தவித்தாய்! உன் குழுவில் பேசிப் பார். ஒத்திகையையாவது, ஒரே ஒரு நாளாவது, பின்வரிசையில் ஒரு கேமராவை வைத்துவிடுங்கள். வசனப் பிரதியில் நீ பென்சிலால் குறித்தது இருக்கிறதே, அதைத் தூக்கிப் போடாதே. எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை எனக்கு அனுப்பு. தகரப் பெட்டியில் உன் பழைய பிலிம் துண்டுகளோடு வைக்கிறேன். ஈரம் படாத அலமாரி, தரையிலிருந்து மூன்றடி உயரம்.

முதல் நாள் நாடகத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். அம்மா தட்டுவடை செட்டுக்குச் சட்னி எப்படி எடுத்துப் போவது என்று இப்போதே யோசிக்கிறாள். டிக்கெட் கடைசி வரிசையில் போடு, உன் குரல் அதுவரை வருகிறதா என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா