எமினெஸ்குவைப் பதிப்பித்தவர் பெயரையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ருமேனியக் கவிஞர் மிகாய் எமினெஸ்குவைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் எமினெஸ்குவின் எழுத்துகளைப் பதிப்பித்த பெட்ரு கிரெட்சியாவின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. அச்சகங்களில் புரூஃப் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். இதை அப்படியே விட மனம் வரவில்லை.

எமினெஸ்கு 1889இல் 39 வயதில் இறந்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த கவிதை நூல் ஒன்றே ஒன்றுதான். மற்றதில் பெரும்பகுதி கையெழுத்து நோட்டுகளில் கிடந்தது; சுமார் 14,000 பக்கங்கள். விமர்சகர் டிட்டு மயோரெஸ்கு 1902இல் அவற்றை ருமேனிய அகாதமியிடம் ஒப்படைத்தார். முழுப்பதிப்பின் முதல் தொகுதி வர 1939 ஆகிவிட்டது. அதைத் தொடங்கிய பெர்பெசிச்சியுஸ், முதல் உலகப் போரில் வலது கை செயலிழந்து இடது கையால் எழுதப் பழகியவர். ஆறு தொகுதிகள் கொண்டுவந்தார், 1971இல் காலமானார். மிச்சத்தை யார் முடிப்பது?

அந்தப் பொறுப்பை ஏற்றவர்களில் முதன்மையானவர் கிரெட்சியா. 1927இல் க்ளுஜ் நகரில் பிறந்தவர். புக்காரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்தவர். ஹோமரிலும் பிளேட்டோவிலும் ஊறிய ஒருவர், தன் மொழிக் கவிஞரின் நோட்டுகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். ருமேனிய இலக்கிய அருங்காட்சியகத்தின் குழுவோடும் டிமிட்ரியே வட்டமானியுக்கோடும் சேர்ந்து 1977இல் ஏழாம் தொகுதியைக் கொண்டுவந்தார்.

என் மகள் இப்போது க்ளுஜில் வேலை பார்க்கிறாள். அங்கே போயிருந்தபோது, பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை தம்மிடமிருந்த எமினெஸ்கு தொகுதிகளை எடுத்துக் காட்டினார். எனக்கு ருமேனியம் தெரியாது. ஆனாலும் பாடபேதம், அதாவது ஒரே வரியின் வெவ்வேறு வடிவங்கள், என்றால் எந்த மொழியிலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். விடிவெள்ளியைப் பற்றிய அந்த நெடுங்கவிதை 98 பத்திகள் கொண்டது. அதற்குக் கவிஞர் அடித்து அடித்து எழுதிய வடிவங்கள் பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் போகின்றன. ஒவ்வொரு கமாவுக்கும் யாரோ ஒருவர் கண்ணைக் கொடுத்திருக்கிறார். எனக்குக் கை நடுங்கியது.

இந்த வேலைக்கு நடுவில்தான் பிளேட்டோவும். கான்ஸ்டன்டின் நொய்காவும் கிரெட்சியாவும் சேர்ந்து பிளேட்டோவின் படைப்புகளை 1974 முதல் ருமேனியத்தில் கொண்டுவரத் தொடங்கினார்கள். நொய்கா ஆறு ஆண்டு அரசியல் கைதியாக இருந்து 1964இல் வெளியே வந்த தத்துவவாதி. சாக்ரடீஸ் நஞ்சு குடிக்கும் நாளைச் சொல்லும் ‘ஃபைடோ’வை மொழிபெயர்த்தவர் கிரெட்சியா. அது 1983இல் நான்காம் தொகுதியில் வந்தது. சொந்தமாகத் தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர் அதைக் காவல் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்று ருமேனியாவை அப்போது ஆண்ட சர்வாதிகாரி சவுசெஸ்குவின் அரசு ஆணை போட்டதும் அதே ஆண்டில்தான். அரசு மனிதர்களின் எழுத்தைக் கண்டு அஞ்சிய அந்தக் காலத்தில், தன் கருத்துக்காக மரண தண்டனை ஏற்றவனின் கடைசிப் பேச்சு நல்ல ருமேனியத்தில் புத்தகக் கடைக்கு வந்திருக்கிறது. நொய்கா 1987இல் மறைந்தார். பிளேட்டோ வரிசையின் ஏழாம் தொகுதி 1993இல் வந்தது.

அப்புறம் ஒன்று சொல்ல வேண்டும். எமினெஸ்கு பத்திரிகையாளரும்கூட. அவருடைய பத்திரிகை எழுத்துகள் அடங்கிய, முழுப்பதிப்பின் ஒன்பதாம் தொகுதி 1980இல் வந்தபோது, யூதர்களைப் பழிக்கும் பகுதிகள் அதில் இருந்ததால் ருமேனிய யூதர்களின் தலைமை மதகுருவான ரபி மோசஸ் ரோசன் கடுமையாக எதிர்த்தார். அவருடைய கோபம் நியாயமானது. இருந்தும் முழுப்பதிப்பு என்றால் கவிஞருக்கு அவமானம் தரும் வரியும் அதில் இருக்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பிடிக்காததை வெட்டிவிட்டு முழுப்பதிப்பு என்று அட்டையில் போட்டால் அது வாசகரை ஏமாற்றுவது. என்ன வரி, எந்தச் சூழலில் எழுதியது, ஏன் தவறு என்று குறிப்பில் சொல்ல வேண்டும்.

கிரெட்சியா வர்ஜீனியா வுல்ஃபின் ‘அலைகள்’ நாவலை மொழிபெயர்த்தார். யோபு, ரூத், யோனா, பிரசங்கி, உன்னதப்பாட்டு என்று விவிலிய நூல்கள் ஐந்தையும் ருமேனியத்தில் தந்தார். மேகங்களைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார், 1979இல். அதைத்தான் க்ளுஜில் நான் பார்த்த அந்த லத்தீன் ஆசிரியை எல்லாவற்றையும்விட நேசிக்கிறார். கிரெட்சியா 1997 ஏப்ரலில் 70 வயதில் புக்காரெஸ்டில் காலமானார்.

உங்கள் கட்டுரையில் எமினெஸ்குவின் கவிதை வரிகள் தமிழில் வந்திருந்தன. யார் தமிழாக்கியது என்ற குறிப்பு இல்லை. அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைப் போடுங்கள். இனி பிறமொழிக் கவிதை எதை அச்சிட்டாலும் மொழிபெயர்ப்பாளர் பெயரும், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்பதும் கவிதைக்குக் கீழேயே வரட்டும். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்,
திருச்சி