ரிசர்வ் சைட் பட்டா யார் பேர்ல இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

ரிசர்வ் சைட்டை மீட்டாங்க, வேலி போட்டாங்க, போர்டு வச்சாங்கன்னு அடிக்கடி நியூஸ் வருது, படிக்க சந்தோசமா இருக்கு. ஆனா பார்க்குக்குன்னு ஒதுக்குன இடம் முதல்ல எப்படிங்க இன்னொருத்தர் கைக்குப் போச்சு? அதை யாரும் விலாவாரியா எழுதறதில்லை, அதனாலதான் இந்த லெட்டர்.

ரூல்ல குழப்பமே இல்லைங்க. 2019-ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி லேஅவுட் 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது சுமார் ரெண்டரை ஏக்கருக்கு மேல இருந்தா, ரோடு போக மீதி நிலத்துல 10 சதவீதத்தை பார்க், விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் போட்டுக் கொடுத்தே ஆகணும், பதிலுக்கு பணம் கட்டறேன்னு சொல்ல முடியாது. அஞ்சு ஏக்கர் லேஅவுட்ல ரோட்டுக்கு ஒன்றரை ஏக்கர் போச்சுன்னா பாக்கி மூணரை ஏக்கர், அதுல 35 சென்ட் பார்க். இன்னைக்கு விக்கிற விலைக்கு 35 சென்ட் காலியா கிடந்தா எத்தனை பேர் கண்ணு அது மேல விழும்னு யோசிச்சுப் பாருங்க. 3,000 சதுர மீட்டர் வரைக்கும், அதாவது 74 சென்ட் வரைக்கும், ஒதுக்கீடே வேண்டாம்ங்கறதால ஒரே பூமியைத் துண்டு துண்டாக்கி தனித்தனியா அப்ரூவல் வாங்க வழி இருக்கு, இதையும் அதிகாரிங்க பக்கத்து சர்வே நம்பரோட சேர்த்துப் பார்க்கணும்.

சரி, ஒதுக்குன இடம் எப்படி போகுதுன்னா, தானப் பத்திரம் பதிவாகறது சார்பதிவாளர் ஆபீஸ்ல, பட்டா மாறறது தாலுக்கா ஆபீஸ்ல, ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட். பத்திரம் பதிவானதும் லேஅவுட்டுக்கு அப்ரூவல் வந்துடுது, ப்ளாட்டெல்லாம் வித்துடுது, அதுக்கப்புறம் பார்க் சைட்டுக்கு உட்பிரிவு பண்ணி உள்ளாட்சி பேருக்கு பட்டா மாத்தணும்னு ஓடறதுக்கு ஆளே இல்லை. பட்டா பழைய ஓனர் பேர்லயே கிடக்குது. இருபது வருசம் கழிச்சு வாரிசோ பவர் வாங்குனவரோ அந்தப் பட்டாவைக் காட்டி விக்கறாங்க, வாங்கறவரும் பட்டா இருக்குன்னு நம்பி வாங்கி வீடும் கட்டிடறார். பின்னாடி கேஸ்னு வந்தா மாட்டிக்கறது அவர்தான், வித்தவர் பணத்தோட போயாச்சு. அவர் மேல எனக்குக் கோபம் வரலைங்க, அப்ரூவ்டு லேஅவுட் பிளானைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கணும்னு மட்டும்தான் சொல்லுவேன்.

எங்க கோவைல இன்னொரு சிக்கலும் இருக்குங்க. 2011-ல துடியலூர், வடவள்ளி, சரவணம்பட்டி, காளப்பட்டி மாதிரி பேரூராட்சிங்க, குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிங்க எல்லாம் மாநகராட்சியோட சேர்ந்துச்சு. அதுக்கு முன்னாடி போட்ட லேஅவுட்டோட தானப் பத்திரமெல்லாம் அந்தப் பழைய உள்ளாட்சி பேர்லதான் இருக்கும், ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தாத்தான் எது இருக்கு எது போச்சுன்னு தெரியும்.

சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. பார்க், விளையாட்டுத் திடல், திறந்தவெளியைப் பாதுகாக்கறதுக்குன்னே 1959-ல தனிச் சட்டம் போட்டது நம்ம மாநிலம், உள்ளாட்சிங்க பட்டியல் தயார் பண்ணணும்னு அதுலயே இருக்கு. பெங்களூர்ல பார்க்குக்கு விட்ட இடத்தை தனியார் ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தப்போ அங்க குடியிருந்தவங்க கேஸ் போட்டாங்க, 1991-ல சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லுச்சு, கேக்கறதுக்கு குடியிருக்கறவங்களுக்கு உரிமை இருக்குன்னும் சொல்லுச்சு. சென்னைல 10 சதவீத இடத்தை இலவசமா எழுதி வாங்கற விதி செல்லுமான்னு நடந்த கேஸ்லயும் 2023-ல விதி செல்லும்னுதான் தீர்ப்பு வந்துச்சு.

இதோட இன்னொண்ணு, உள்ளாட்சியே ரிசர்வ் சைட்டுல தண்ணி டேங்க், குப்பை பிரிக்கற ஷெட்டுன்னு கட்டக்கூடாதுங்க. அதெல்லாம் வேணும்தான், யாரும் வேண்டாம்னு சொல்லலை, ஆனா அதுக்கு வேற இடம் பார்க்கணும். குழந்தைங்க விளையாடவும் வயசானவங்க நடக்கவும் இருக்கற ஒரே இடம் அது, மழைத் தண்ணி மண்ணுல இறங்கறதும் அங்கதான். பிள்ளையார் கோயில் கட்டறதும் இதே கணக்குதான், சாமி கும்பிடறவனாத்தான் சொல்றேன்.

அரசாங்கத்துக்கு நான் கேக்கறது இவ்வளவுதாங்க. பார்க் சைட் பட்டா உள்ளாட்சி பேருக்கு மாறி நாலு பக்கமும் கல்லு நட்ட அப்புறம்தான் ப்ளாட் விக்க விடணும், அதுக்கு முன்னாடி ஒரு ப்ளாட் கூட பதிவாகக் கூடாது. பழைய லேஅவுட்டோட ரிசர்வ் சைட் எல்லாத்தையும் சர்வே நம்பரோட வார்டு வாரியா வெப்சைட்ல போட்டு, அதே லிஸ்டை சார்பதிவாளர் ஆபீஸுக்கும் கொடுக்கணும், யாராவது விக்க வந்தா கம்ப்யூட்டரே நிறுத்திடணும். 3,000-க்கும் 10,000 சதுர மீட்டருக்கும் நடுவுல இருக்கற லேஅவுட்டுங்க இடத்துக்கு பதிலா கட்டுன பணம் எவ்வளவு, எந்தப் பார்க்குக்கு செலவாச்சுன்னு கணக்கும் அதுலயே இருக்கணும்.

உங்க நிருபருங்க வார்டுக்கு ஒரு லேஅவுட் எடுத்து பிளானையும் இன்னைக்கு பட்டா யார் பேர்ல இருக்குன்னும் பக்கத்து பக்கத்துல வச்சு ஒரு தொடரா போடுங்க. எங்க ஏரியா பிளான் காப்பி என்கிட்ட இருக்கு, கேட்டா அனுப்பறேன்.

இப்படிக்கு,
கோவை வாசகர் ஒருவர்