பதினெட்டு மட்டுமா?

ஆசிரியருக்கு,

கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லஸ் பற்றி எழுதும்போதெல்லாம் 18 மேஜர் பட்டங்கள் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் வென்றவை) என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அதே மேஜர்களில் அவர் 19 முறை இரண்டாமிடம் பிடித்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த மனிதரின் உயரம் புரியும். 1977-இல் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரி மைதானத்தில் டாம் வாட்சனிடம் ஒரே ஒரு ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் ஒரு அடி) வித்தியாசத்தில் தோற்றாரே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வருகிறது.

தொழில்முறை வீரராக அவர் வென்ற முதல் போட்டியே 1962 யு.எஸ். ஓப்பன். வயது 22. ஓக்மான்ட் மைதானத்தில் கூடியிருந்த கூட்டம் முழுக்க உள்ளூர் நாயகன் அர்னால்ட் பாமர் பக்கம். இருவரும் சமநிலையில் முடித்ததால் நடந்த கூடுதல் ஆட்டமான பிளே-ஆஃபில் அவரையே வீழ்த்தினார். அப்புறம், மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸில் 1986-இல் அவர் பெற்ற வெற்றியைச் சொல்லாமல் முடியுமா? 46 வயது, 'இனி அவ்வளவுதான்' என்று பலரும் ஒதுக்கிவிட்ட நேரம். கடைசி நாளின் பின் ஒன்பது குழிகளை 30 ஸ்ட்ரோக்குகளில் முடித்து, மாஸ்டர்ஸ் வெற்றியாளருக்குத் தரும் பச்சை மேலங்கியை ஆறாவது முறையாக வென்றார். மட்டைப் பையைச் சுமந்து கூட நடந்தது அவருடைய மகன்.

எனக்குப் பிடித்தது பட்டியலில் வராத ஒன்று. அமெரிக்க அணியும் பிரிட்டன் அணியும் மோதிய 1969 ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில், பிரிட்டனின் டோனி ஜாக்லின் போட வேண்டிய சின்ன 'புட்'டை (பந்தைக் குழிக்குள் உருட்டும் அடியை) போட விடாமலே, அதைப் போட்டதாக ஏற்றுக்கொண்டார் நிக்லஸ். போட்டி 16-16 என்று டிராவானது. சொந்த அணிக் கேப்டன் சாம் ஸ்னீடுக்கே இதில் கோபம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்