ஆலோசகர் சம்பளத்துக்கு உதவுங்கள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லங்களிலிருந்தும், போதை மறுவாழ்வு மையங்களிலிருந்தும் வீடு திரும்பும் 14 முதல் 18 வயது வரையுள்ள பையன்களுக்காக, மதுரையில் மனநல ஆலோசனைத் திட்டம் ஒன்றைத் தொடங்குகிறோம். ஒரு பையனுக்கு ஒரே ஆலோசகர், வாரம் ஒருமுறை, ஓராண்டு முழுக்க.

இந்தப் பிள்ளைகள் முதல் சில வாரங்கள் வாயே திறக்க மாட்டார்கள். காவல் நிலையம், இளைஞர் நீதிக் குழுமம், நன்னடத்தை அலுவலர் என்று போன இடமெல்லாம் "என்னடா செஞ்ச?" என்ற கேள்விக்கே பதில் சொல்லி அலுத்தவர்கள். ஆலோசகரையும் விசாரிக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். அதனால் அவர் கேரம் போர்டைப் போட்டு எதிரே உட்காருவார். காய் தவறியதும் ஸ்ட்ரைக்கரை வீசி எறியும் பையனுக்கு அந்த நேரத்தில் புத்தி சொல்வதில்லை. ஆறியபிறகு, "எறியறதுக்கு முந்தி உடம்புல எங்க சூடு ஏறுச்சு?" என்று கேட்பார். காது, தாடை, விரல் நுனி என்று அவனே யோசித்துச் சொல்வான். கோபம் கைக்கு வருமுன் அதைக் கண்டுகொள்ளும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. அந்தக் கோபத்துக்கு அடியில் கிடக்கும் பயமும் அவமானமும் அப்புறம் மெல்லப் பேச்சில் வரும். சிலருக்குப் பல மாதம் பிடிக்கும்.

பையன் சொன்னதை ஆலோசகர் வெளியே சொல்ல மாட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்லியாக வேண்டும் என்பதை முதல் நாளே அவனுக்குத் தெரிவித்துவிடுவார். தூக்கமே வராதவர்கள், கையைக் கீறிக்கொள்கிறவர்கள், போதையை விட்டதால் உடம்பு படுத்துகிறவர்கள் ஆகியோருக்கு மனநல மருத்துவரின் சிகிச்சையும் வேண்டும். அங்கே கூட்டிப்போவதும் திட்டத்தில் அடக்கம்.

மறுவாழ்வுச் சேவைகளில் மனநல ஆலோசனையும் ஒன்று என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 53, சொல்கிறது. வீடு திரும்பிய பிறகுதான் அது இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. தெருமுனையில் பழைய கூட்டாளிகள் நிற்பார்கள். பக்கத்து வீட்டுப் பார்வை மாறியிருக்கும். பள்ளியில் மறுபடி சேர்க்கத் தயங்குவார்கள். அந்த நேரத்தில் ஆலோசகரும் மாறிவிட்டால், புது ஆளிடம் முதலிலிருந்து கதையைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது. ஒரே ஆள் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

அம்மா அப்பாவுக்கும் மாதம் ஒருமுறை ஆலோசனை உண்டு. பழசைக் குத்திக்காட்டாமல் ஒரு வேளைச் சோறு போடுவது எவ்வளவு பெரிய மருந்து என்பதை அவர்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. பலர் தினக்கூலிக்காரர்கள். பஸ் கட்டணமாவது நாம் கொடுப்பதுதான் நியாயம்.

ஆண்டுச் செலவு ரூ.7,00,000. இரண்டு ஆலோசகர்களுக்கு மாதம் தலா ரூ.25,000 வீதம் ரூ.6,00,000, குடும்பங்களின் பயணத்துக்கு ரூ.60,000, டீ, பலகாரம், விளையாட்டு, வரைபொருள்களுக்கு ரூ.40,000. அறையை உறுப்பினர் ஒருவர் வாடகையின்றித் தந்திருக்கிறார். குழுவினர் போட்டது ரூ.2,10,000. இன்னும் ரூ.4,90,000 தேவை.

போர்வை, மின்விசிறி, பிறந்தநாள் சாப்பாடு என்றால் நம் ஊரில் தாராளமாகக் கொடுப்பார்கள், அந்த நல்ல மனசுக்கு என்றும் நன்றி. சம்பளத்துக்குக் கொடுத்தால் 'உபயம்' என்று பெயர் எழுத இடமில்லை. ஆனாலும் இந்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவதே அந்த ஆலோசகரின் நேரம்தான். மொத்தமாகத் தர முடியாதவர்கள் மாதம் ரூ.200 தந்தாலும் பேருதவி.

இந்த வேண்டுகோளில் எந்தப் பையனின் படமோ பெயரோ இல்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 அதைத் தடை செய்கிறது; சட்டமே இல்லாவிட்டாலும் போட்டிருக்க மாட்டோம். நன்கொடையாளர்களும் பிள்ளைகளைப் பார்க்கக் கேட்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவுக் கணக்கு உங்களுக்கு வந்து சேரும்.

ஜூனில் பள்ளி திறக்குமுன் ஆலோசகர்களைப் பணியில் அமர்த்த வேண்டும். எனவே மே 20-க்குள் குழு உறுப்பினர்களிடம் நன்கொடை கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். டூவீலர் மெக்கானிக், தையல், எலெக்ட்ரிக்கல் பட்டறை வைத்திருப்பவர்கள் பள்ளி நேரம் போக வேலை பழக்க முன்வந்தால் அதையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலேயே இப்படி ஒரு பிள்ளை தவித்தால் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலோ (டெலி மானஸ்) 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இப்படிக்கு,
திட்டக் குழுவினர், மதுரை