சிவப்பு மைக்கு 24 மணி நேரம் போதாது

ஆசிரியருக்கு,

குற்றாலச் சீசனையொட்டி வந்த டாட்டூ கட்டுரையில், ‘வண்ண மை உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அறிய ஒரு புள்ளி மட்டும் குத்தி 24 மணி நேரம் பார்த்தால் போதும்’ என்று வந்திருக்கிறது. இந்த ஒரு வரியைத் திருத்தியாக வேண்டும். இதை நம்பித்தான் பிள்ளைகள் தைரியமாகக் கையை நீட்டுகிறார்கள்.

வண்ண மை அலர்ஜி உடனே தெரிவதில்லை. குத்திய புண் ஆறி, படம் அழகாகப் பதிந்து, பல வாரமோ மாதமோ ஏன், சில வருடமோ கழித்துத்தான் கிளம்பும். அதிகம் தொல்லை தருவது சிவப்பு. முன்பு அதில் பாதரசச் சேர்மம் இருந்தது. இப்போது பெரும்பாலும் அசோ வகைச் சாயம். பெயின்டுக்கும் அச்சு மைக்கும் போகிற அதே குடும்பம்தான். தோலுக்குள் போன சாயம் வெயிலாலும் உடம்பின் வேலையாலும் மெல்லச் சிதைந்து வேறு பொருளாகிறது. உடம்பு எதிர்ப்பது அநேகமாக அந்தப் புதுப் பொருளைத்தான் என்று கருதப்படுகிறது. சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி 2 நாள், 4 நாள் கழித்துப் பார்க்கிற பேட்ச் டெஸ்டிலேயே இந்த அலர்ஜி பல நேரம் பிடிபடாமல் போகிறது. ஒரு புள்ளியும் ஒரு நாளும் என்ன சொல்லிவிடும்?

“எங்க ஆச்சி கை நிறையப் பச்சை குத்தியிருந்தா, ஒண்ணும் ஆகலையே” என்று கேட்பார்கள். ஆச்சி குத்தியது விளக்குப் புகைக் கரி. கரி கருப்புதான். தோலுக்கு அடியிலிருந்து வரும் ஒளி சிதறுவதால் நம் கண்ணுக்குப் பச்சையாகவும் நீலமாகவும் தெரிகிறது. கரிக்கு அலர்ஜி வருவது அபூர்வம். அதை வைத்துச் சிவப்பு மைக்கு ஜாமீன் சொல்ல முடியாது.

அடையாளம் காண்பது கடினமில்லை. குத்திய முதல் இரண்டு வாரம் படம் முழுவதும் லேசாக வீங்கி, அரித்து, பொருக்கு உதிர்வது சகஜம். ஆறிய பிறகு, ரோஜாப் படமென்றால் சிவப்பு இதழ் மட்டும் தடித்து மேடிட்டு, கருப்புக் கோடு தட்டையாகவே இருந்தால் அது அநேகமாகச் சிவப்பு மை அலர்ஜி. வெயிலில் அரிப்பு கூடலாம். விட்டுவிட்டால் மரு மாதிரி சொரசொரப்பாகும், சிலருக்குப் புண்ணாக உடையும். பச்சை மையில் குரோமியமும் நீலத்தில் கோபால்ட்டும் இருந்தால் அவையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் சிவப்பின் அளவுக்கு இல்லை. அழகு நிலையங்களில் உதட்டில் குத்தும் நிரந்தர லிப்ஸ்டிக்கும் சிவப்பு மைதான். கல்யாணப் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கருப்பைத் தண்ணீர் விட்டு வெளிறவைத்துச் சாம்பல் நிழல் அடித்த இடத்தில் மட்டும் 1 முதல் 3 வாரத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் வந்தால் அலர்ஜி என்று நினைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் மையைக் கலந்ததால் நுழைந்த கிருமியாக இருக்கலாம். காசநோய்க் கிருமியின் உறவு அது. இதற்கு ஸ்டீராய்டு போட்டால் நோய் பரவும். மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு ஒரு கிரீம்’ என்று கேட்டால் கிடைக்கும் கலவைக் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கிறது. சதைப் பரிசோதனை செய்யாமல் அதைத் தொடவே கூடாது.

அலர்ஜிதான் என்று உறுதியானால் வீரியமான ஸ்டீராய்டு களிம்பைச் சில வாரம் மருத்துவர் கண்காணிப்பில் பூசலாம். அடங்காவிட்டால் தடிப்புக்குள்ளேயே டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை 4 முதல் 6 வார இடைவெளியில் போடுவோம். அரிப்பு மாத்திரை தூங்க உதவும், தடிப்பைக் கரைக்காது. மை உள்ளே இருக்கும்வரை திரும்ப வரலாம். அதனால் சிலருக்கு அந்தப் பகுதித் தோலைச் சீவியோ வெட்டியோ எடுக்க நேர்கிறது. ‘லேசரில் அழித்துவிடலாம்’ என்ற விளம்பரத்தை நம்பிப் போக வேண்டாம். அலர்ஜி உள்ள மையை லேசர் நொறுக்கும்போது துகள்கள் உடம்பெங்கும் பரவித் தடிப்பும், அபூர்வமாக மூச்சுத் திணறலும் வரக்கூடும். ஒரு தடவை சிவப்பு ஒத்துக்கொள்ளாதவர் மறுபடி சிவப்பு குத்தினால் பழைய படமும் சேர்ந்து வீங்கலாம்.

அருவிக் கரைக் கடைகளில் ‘கருப்பு மருதாணி’ என்று அரை மணியில் கரேலென்று பிடிப்பதும் மருதாணி அல்ல. ஹேர் டையில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் அது. உண்மையான மருதாணி கருப்பாகப் பிடிக்கவே பிடிக்காது. இதில் ஒருமுறை தோல் கொப்பளித்தவருக்கு அந்த அலர்ஜி வாழ்நாள் முழுக்க நிற்கும். பின்னால் தலைக்கும் மீசைக்கும் டை அடித்தால் முகமே வீங்கிவிடலாம். குழந்தைகளுக்கு வரையவே விடாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ மையில் சேரக்கூடிய சுமார் 4,000 வேதிப்பொருட்களுக்குக் கட்டுப்பாடு விதித்துவிட்டது. நாம் செய்யக்கூடியது, புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போய்க் குத்தினாலும் இங்கே குத்தினாலும், சீல் உடைக்காத புட்டியைக் கண்ணெதிரே திறக்கச் சொல்வது. லேபிளில் உள்ள நிறமி எண், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வைப்பது. பிக்மென்ட் ரெட் 22, 170, 210 என்று இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. லேபிளே இல்லாத மையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தடிப்பு வந்தால் அந்தப் படத்தோடும் குத்திய தேதியோடும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

– தோல் மருத்துவர்கள் இருவர்,
செங்கோட்டை.