தங்கச்சிக்கு, உன் முதல் மாரத்தானுக்கு முன்னால்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முழு மாரத்தானுக்கு, அந்த 42 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, பேர் கொடுத்துவிட்டாய் என்ற செய்தியை அலுவலகத்தில் இருக்கும்போது படித்தேன். எழுந்துபோய் வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்துதான் உட்கார முடிந்தது. அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த வரியிலேயே, "வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லாத மாதிரி ஒரு அட்டவணை போட்டுக் கொடு அக்கா" என்று கேட்டிருந்தாய். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அப்படி ஓர் அட்டவணை கிடையாது.

கணக்குப் போட்டுப் பார். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் என்பது உன் வேகம். வாரம் ஒருமுறை ஓடுகிற நீண்ட ஓட்டம், அதாவது லாங் ரன், 30 கிலோமீட்டர் என்றால் மூன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால் எழுந்து தயாராக வேண்டும். முடித்த பிறகு குளியல், சாப்பாடு, அடித்துப் போட்டது போல ஒரு தூக்கம். ஆக ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நீ அந்த வீட்டுக்குக் கிடைக்க மாட்டாய். வார நாட்களில் இன்னும் மூன்று ஓட்டம் இருக்கிறது. இப்படி 18 வாரம். தூக்கத்தைக் குறைத்து இந்த நேரத்தை எடுக்கலாம் என்று நினைக்காதே. ஓடிக் களைத்த தசை தேறுவது தூங்கும்போதுதான். மிச்சம் இருப்பது வீட்டாரின் நேரம். அதைச் சொல்லாமல் எடுக்காதே. உட்கார வைத்துக் கேள்.

நான் கேட்கவில்லை. என் முதல் பயிற்சியின்போது இருட்டிலேயே எழுந்து, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வெளியே போய்விடுவேன். யாருடைய தூக்கத்தையும் கெடுக்கவில்லை என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. பன்னிரண்டாவது வாரம், 28 கிலோமீட்டர் ஓட்டம். 23 தாண்டியதும் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொண்டது. கையில் ஃபோன் இல்லை. நொண்டிக்கொண்டே நடந்து வந்தேன். வழக்கமான நேரம் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வழியில் பார்த்தால் உன் அத்தான் எதிரே வண்டியில் வருகிறார், முன்னால் தூக்கக் கலக்கத்தோடு பையன். எந்தப் பக்கம் போனேன் என்று தெரியாமல் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார்கள். திட்டுவார் என்று நினைத்தேன். துண்டை எடுத்து நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "போகாதேன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ" என்றார். அந்தக் குரல் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அன்று சாயங்காலமே மிச்சம் இருந்த வாரங்களை எல்லாம் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினோம். எந்த நாள், எவ்வளவு தூரம், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன், அந்த நேரத்தில் பையனைப் பார்த்துக்கொள்வது யார், எல்லாம் அதில் இருந்தது. அவருக்கு வேண்டிய நேரத்தையும் அதிலேயே எழுதச் சொன்னேன். சனிக்கிழமை சாயங்காலம் அவருடையது, நான் நுழையக் கூடாது. நீயும் முதல் வேலையாக இதைச் செய். முதல் வாரம் ஓடுவதற்கு முன்னாலேயே செய்.

அப்புறம் பையன் தானாகவே வந்து சேர்ந்தான். லாங் ரன்னில் கடைசி ஒரு மணி நேரம் சைக்கிளில் கூடவே வருவான், கேரியரில் தண்ணீர் பாட்டில். லாங் ரன்னை மெதுவாக ஓட வேண்டும், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று அவனிடம் ஒருமுறை சொல்லியிருந்தேன். பிடித்துக்கொண்டான். கிலோமீட்டருக்கு ஒருமுறை மணியை அடித்து, "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கம்மா" என்பான். ஒரு வரியை மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தால் விட்டுவிடுவான். நடுவில் திணறினால், "வேகமா ஓடுறீங்க, குறைங்க." என் கையிலிருந்த கடிகாரத்தைவிட அவன் சொன்னதைத்தான் நான் நம்பினேன். முதல் மாரத்தான் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வேகமாக ஓடி, வேகமாக ஓட வேண்டிய நாளில் களைத்துக் கிடப்பார்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு தூரம் எதுக்கு" என்று உன்னிடமும் கேட்டிருப்பாள். கோபப்படாதே. அவளுக்குக் கல்யாணம் ஆன காலத்தில் ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் கிடையாது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதல்முறையாக வைத்தார்கள். ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஜெயித்தார். அதற்கு முன் 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் சுவிட்சர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பெண் ஓடக் கூடாது என்று போட்டி அதிகாரி ஒருவர் அவருடைய எண் அட்டையைப் பிடுங்க வந்தார். கூட ஓடிய காதலர் அந்த ஆளை இடித்துத் தள்ளிவிட, சுவிட்சர் ஓடி முடித்தார். இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவளே கேட்டாள், "ஞாயிற்றுக்கிழமை பையனை என்கிட்ட விட்டுட்டுப் போறியா?"

ஒரு விஷயத்தை மட்டும் உன் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல். பாசத்தில் வழி நெடுக நின்று, "குடி, இன்னும் குடி" என்று தண்ணீர் கொடுப்பார். தாகத்துக்கு மேல் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆரம்பித்து உயிருக்கே வினையாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்கள் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம், குடிப்பதற்கு அவ்வளவு நேரம் கிடைக்கிறதே. தாகம் எடுத்தால் குடி, போதும். பந்தயத்தன்று குடிப்பது, ஓடும்போது தெம்புக்காகச் சாப்பிடும் ஜெல், ஷூ, சாக்ஸ் எல்லாமே லாங் ரன்னில் பழகியதாக இருக்கட்டும். அன்றைக்கென்று புதிதாக ஒன்றும் வேண்டாம்.

கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைப்பாய். டேப்பர் என்பார்கள். வீட்டுக்கு உன் நேரம் திரும்பக் கிடைக்கும், ஆனால் நீ நல்ல மனநிலையில் இருக்க மாட்டாய். முழங்காலில் இல்லாத வலி இருப்பதாகத் தோன்றும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும். எனக்கு வந்தது. முன்கூட்டியே சொல்லி வைத்துவிடு, பிள்ளைகளிடமும்.

பந்தய நாளில் எல்லாரும் முடிவுக் கோட்டில் வந்து நிற்கத்தான் ஆசைப்படுவார்கள். ஒருவராவது முன்னாலேயே நிற்கட்டும், 32-வது கிலோமீட்டருக்கும் 35-வது கிலோமீட்டருக்கும் நடுவில். தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து அந்த இடத்தில்தான் தீர்ந்துபோகும். கால் கல்லாகும். எதற்கு இதெல்லாம் என்று மனசு கேட்கும். அங்கே ஒரு முகம் தெரிந்தால் அடுத்த மூன்று கிலோமீட்டர் ஓடிவிடலாம். "இன்னும் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி வை, அந்த நிலையில் 8 கிலோமீட்டர் கொஞ்சம் இல்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அத்தான் அன்று என் பேரை மட்டும்தான் கத்தினார். நான் அழுதுகொண்டே ஓடினேன்.

முடிவுக் கோட்டில் நிற்பவர் கையில் ஒரு பை. உலர்ந்த சட்டை, போர்த்திக்கொள்ளத் துணி, லூசான செருப்பு. கால் வீங்கியிருக்கும், ஷூவைக் கழற்றினால் திரும்ப நுழையாது. ஓடி முடித்ததும் உட்கார்ந்துவிடாதே, கொஞ்சம் நட.

18 வாரத்துக்கும் தாள் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன், அது உன் வீட்டுக்காரர் நிரப்ப வேண்டியது. அவர் நிரப்பியதும் படம் எடுத்து அனுப்பு. பெரிய லாங் ரன் மூன்று ஞாயிறுகளிலும் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டுவிடு. பெரியம்மா வீட்டுக்கு என்றால் குதித்துக்கொண்டு வருவார்கள், சைக்கிளும் சும்மாதான் கிடக்கிறது.

பந்தயத்தன்று நான் 34-வது கிலோமீட்டரில் நிற்பேன். சாலைக்கு இடது பக்கம், மஞ்சள் சட்டை. உன் வேகத்துக்கு நான்கே கால் மணி நேரத்தில் அங்கே வர வேண்டும். பிந்தினாலும் பரவாயில்லை, நீ வரும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

அன்புடன்,
அக்கா