சாணி, சாம்பல், கோப்பிக் கிண்ணம்: ஆறாம் ஆண்டுப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். போன வாரம் ஆறாம் ஆண்டு வாட்சாப் குழுவில் இரண்டு கேள்விகள் வந்தன. காட்சிக்கலைப் பாடத்தில் சாணியைப் பற்றி என்ன பேச்சு என்று ஓர் அப்பா கேட்டிருந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் இனப்படுகொலை பற்றிப் பேசலாமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். இரண்டாவது கேள்விதான் கனமானது. ஆனாலும் சாணியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவின் கிழக்குப் பகுதியில் இமிகோங்கோ என்று ஒரு கலை உண்டு. பசுஞ்சாணியைச் சாம்பலோடு பிசைந்து, பலகைமேல் வரப்பு மாதிரி விரலால் எழுப்பிக் காயவைத்து, கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறம் பூசுவார்கள். கட்டங்கள், சுருள்கள், நெளிகோடுகள்தான். முன்பு வீட்டுச் சுவரில் இருந்தது. வழிவழியாகப் பெண்கள் கைவேலை. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) நம் பாட்டிமார் வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அடுக்குமாடியில் வளர்கிற நம் பிள்ளைகளோ மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, அதுவும் ஒரு பாடம்தான்.

1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் 100 நாள்களில் அந்த நாட்டில் நடந்த இனப்படுகொலையில் ஏறக்குறைய 800,000 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா.வின் 1999 விசாரணை அறிக்கை சொன்னது. பெரும்பாலோர் துட்சி இன மக்கள். கொலையை எதிர்த்த ஹூட்டு இன மக்களும் செத்தார்கள். இமிகோங்கோ பிறந்த அதே வட்டாரத்தில்தான் நியாருபுயே தேவாலயம் இருக்கிறது. உயிர் தப்ப அதற்குள் ஓடியவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தக் கலையும் அதோடு அழிந்திருக்கும். ஆனால் பிழைத்த பெண்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மறுபடியும் சாணி பிசைய உட்கார்ந்தார்கள்.

அந்தப் பலகைகளில் கத்தியும் இல்லை, பிணமும் இல்லை. அம்மா சொல்லிக்கொடுத்த அதே பழைய கோடுகள்தான். பாடத்தைப் படித்துப் பார்த்தபோது என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது இதுதான். கண்ட கொடுமையை ஏன் வரையவில்லை என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது. எதை இழக்கக்கூடாது என்பதை அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அதனால் உங்கள் பிள்ளைகள் வகுப்பில் பார்க்கப்போவது இந்தக் கைவேலையை மட்டும்தான். ஆசிரியர் தயாரித்த படங்களை நானே ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டை நீக்கினேன். மண்டை ஓடுகளின் படம் எந்த வகுப்பிலும் காட்டப்படாது. ஆனால் கேள்வி கேட்கும் பிள்ளையிடம் "ஏதோ சண்டை" என்று மழுப்பவும் மாட்டோம்.

இன்னொன்றும் சொல்லித் தருகிறோம். 1995 ஜூலையில் ஐரோப்பாவிலுள்ள போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா என்ற ஊரில் 8,000க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். கணவனை இழந்த ஒரு பெண், அவரோடு உட்கார்ந்து கோப்பி குடிப்பதுதான் இல்லாமல் போனதில் பெரிது என்றாராம். போரில் அகதியாகிப்போன ஓவியர் அய்டா ஷெஹோவிச், 2006இல் போஸ்னியத் தலைநகர் சராயேவோவில் 923 சின்னக் கிண்ணங்களைத் தரையில் பரப்பினார். வருகிறவர்கள் கோப்பி ஊற்றுவார்கள். குடிக்க யாரும் வரமாட்டார்கள். கிண்ணங்களைத் தந்தவர்களில் ஸ்ரெப்ரெனிட்சாப் பெண்களும் உண்டு. 2020க்குள் 8,372 ஆகிவிட்டது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், 1942-43இல், நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) – பர்மா ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்களே, அதை இனப்படுகொலை என்று நான் சொல்லவில்லை; கட்டாய உழைப்பு என்றே சொல்வோம், சொற்களைக் கலக்கக் கூடாது. ஆனால் திரும்பி வராதவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள் நம்மிடமும் இருந்தார்கள். அந்தப் பாதை போகும் தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அதில் வேலை செய்து மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. என் பாட்டியின் அண்ணனும் கெடாவிலிருந்து போனவர். பாட்டி கடைசிவரை "பெரியண்ணன்" என்றே சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயர் என்னவென்று இன்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிள்ளையை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்: சயாமுக்குப் போனவர் யாராவது உண்டா, அவர் பெயர் என்ன, வீட்டில் இருந்த பெண்கள் எப்படிச் சமாளித்தார்கள்? பழைய படம், பித்தளைச் சாமான், கோல நோட்டு ஏதாவது மிஞ்சியிருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதும், பொருளைக் கொடுத்துவிட வேண்டாம். சொல்ல விருப்பமில்லை என்று பாட்டி எழுந்துபோனால் அதோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

பிள்ளை இதில் சேர வேண்டாம் என்று நினைப்பவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காரணம் கேட்கமாட்டோம், வேறு ஓவிய வேலை இருக்கிறது. பாடத்துக்குப் பிறகு பிள்ளை தூங்காமல் யோசித்துக்கொண்டிருந்தால் நேராக என்னிடம் பேசுங்கள்.

அப்புறம், யாரும் சாணி கொடுத்தனுப்ப வேண்டாம். மரத்தூள், பசை, சாம்பல் எல்லாம் பள்ளியே வாங்கிவிட்டது. பழைய சட்டை ஒன்று மட்டும் போதும். வெள்ளிக்கிழமை காலை கோலம் போட்டுக் காட்ட மூன்று பாட்டிமார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மாடி ஏற அவர்களுக்கு முட்டி ஒத்துழைக்காது என்பதால் வகுப்பைச் சிற்றுண்டிச்சாலைக்கு மாற்றியிருக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
கோலாலம்பூர்